அடிச்சுப் போட்ட விலை

இல்ல தம்பி, நான் கேக்குறேன், அடிக்கிறதுக்குன்னே ஒரு விலைய எழுதுவாங்களா? அங்க பாருங்க... அந்த மூணாவது மேஜையில தொறந்து வச்சிருக்காங்களே, சாம்பக் கலர் லேப்டாப்பு. தொண்ணூறாயிரம்னு எழுதி, அது மேல செவப்புல ஒரு கோடு. யாராவது என்னிக்காவது அந்தத் தொண்ணூறக் குடுத்து வாங்கியிருப்பாங்களா? சத்தியமா இருக்காது. பொறக்கும்போதே கோட்டோட பொறந்த விலை அது!... அட, ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க. என்னோட பைய நான் மடியில வச்சுக்கறேன். மேனேஜர் சாப்பிடப் போயிருக்காராம். நீங்களும் அவரத்தான் பாக்கணுமா?... ஓ, சும்மா பாத்துட்டுப் போக வந்தீங்களா. நானும் போன மாசம் சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம் வருதுன்னா, இது என்னோட வித்தை தம்பி. பின்னாடித் தெருவுல தையக்கட வச்சிருக்கேன். ஒரு கவுனு தைக்க எண்ணூறு ஆகும்னு சொல்லுவேன். வந்தவங்க மூஞ்சி சுருங்கும். "சரி, உங்களுக்காக அறுநூறு"ம்பேன். என்னமோ எங்கூடப் பொறந்தவங்க மாதிரி! அடுத்து வர்றவங்களுக்கும் உங்களுக்காக அறுநூறுதான். எனக்குப் புடிக்காதவங்க வந்தாக்கூட உங்களுக்காக அறுநூறுதான். இத்தன வருஷமா ஊருக்கே காதுல பூ சுத்துனவ நானு. அதே பூவத் தூக்கிக்கிட்டு இந்தக் கடைக்காரன் என் காதுக்கு வந்தா எப்படி இருக்கும்? எங்கிட்டயேவான்னு கெளம்புனேன் பாருங்க... ம்ம்... அங்க புடிச்சது சனி.

எனக்கா லேப்டாப்பு? நல்லாக் கேட்டீங்க போங்க. எனக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணாடி வேணும். எம் பொண்ணுக்கு. வேல கெடச்சிருக்கு அவளுக்கு. வீட்டுல இருந்தே பாக்குற வேல, ஆனா மெஷினு நம்மளோடதா இருக்கணுமாம். நாளைக்குக் காலையில பயிற்சி ஆரம்பம். மொத நாள் வரலன்னா அடுத்து இருக்குற ஆளக் கூப்புட்டுருவோம்னு சொல்லிட்டாங்க. அவகிட்ட இருக்குற பழசு... அதுக்குக் கழுத்து ஒடிஞ்சு போச்சு தம்பி. பின்னாடி என்னோட அயன்பாக்ஸ முட்டுக் குடுத்தாத்தான் நிக்கும். நான் துணி தேய்க்க அயன்பாக்ஸ எடுத்தா அவ படிப்பு படுத்துக்கும். "இரும்மா, ஒரு பக்கம் முடிச்சுக்கறேன்"னு கெஞ்சுவா. அதுலயே படிச்சு முடிச்சு, அதுலயே பரீட்ச எழுதி, வேலையும் வாங்கிட்டா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எனக்குப் புதுசு வாங்கிக் குடும்மான்னு வாயத் தொறந்திருப்பாளா? இல்லயே. கேட்டிருந்தாலாவது திட்டியிருப்பேன், எனக்கும் மனசு லேசாயிருக்கும்.

சரி, எங்க விட்டேன்?... ஆங், கோடு. போன மாசம் வந்தப்ப அதே லேப்டாப்பு, அதே தொண்ணூறு, அதே கோடு, கீழ எழுபது. "இன்று மட்டும்"னு ஒரு அட்டை வேற. மறுநாள் வந்தேன், இன்று மட்டும். அடுத்த வாரம் வந்தேன், அப்பவும் இன்று மட்டும்! அவங்களுக்கு நாளைன்னு ஒண்ணு விடியவே இல்ல. எனக்குச் சிரிப்பு. சரி, இவன் எப்படியும் எறங்குவான், அறுபத்தஞ்சுக்கு வந்தா வாங்கிக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். எழுபது கையில இருந்துச்சு தம்பி! அன்னிக்கே வாங்கியிருந்தா இன்னிக்கு நான் இந்நேரம் கடையில உக்காந்து காலர் வெட்டிக்கிட்டு இருப்பேன்.

எதுத்தாப்புல இருக்குற கடையிலயும் கேட்டேன். கேக்காம இருப்பேனா? அங்கயும் இதே மெஷினு, ஆனா பேருக்குக் கடைசியில இருக்குற எழுத்து வேற. "அது வேற மாடல்மா, இது வேற மாடல்மா, ரெண்டையும் ஒப்பிடக் கூடாதுமா"ங்கறான். ஒரே துணிய ரெண்டு கடையில ரெண்டு பேரு வச்சு விக்கிற கத எனக்குத் தெரியாதா? அவன் சொல்ற தள்ளுபடி ஏதோ ஒரு பேங்க் அட்டைக்குத்தான். அந்த அட்டை எங்கிட்ட இல்ல. எங்க தெருவுலயே யாருகிட்டயும் இல்ல. இங்கயும் சரி அங்கயும் சரி, மவுசு ஓசி, லேப்டாப்பு வைக்கிற பை ஓசிங்கறான். அந்த ஓசியெல்லாம் விலைக்குள்ள படுத்துத் தூங்குது, எனக்குத் தெரியாதாக்கும்!

அப்பத்தான் எனக்கு மூள வேல செஞ்சுது. செய்யாமலே இருந்திருக்கலாம். ஆளப் பாத்து விலை சொல்றானான்னு பரிசோதன பண்ணணும்ல? எங்க வீட்டுக்காரர அனுப்புனேன். எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி போகணும்னு சொல்லி அனுப்புனேன். மழையே இல்ல, மனுஷன் குடையப் புடிச்சுக்கிட்டுப் போறாரு. ஏன்னு கேட்டா, மூஞ்சி தெரியக் கூடாதாம்! போனவரு நெஜமாவே வாங்குற ஆளு மாதிரி இருக்கணும்னு அந்த லேப்டாப்புல ஒத்த வெரலால அவரு பேர அடிச்சுப் பாத்திருக்காரு. ஒவ்வொரு எழுத்தா தேடி... தேடி... வீட்டுக்கு வந்து, "விலை என்னமோ சொன்னான், மறந்துட்டேன்"ங்கறாரு. திரும்ப அனுப்புனேன். திரும்ப மறந்துட்டாரு. மூணாவது தடவ உள்ளங்கையில எழுதிக்கிட்டு வந்தாரு. எழுபதுதான்.

நம்பிக்க வரல. கொழுந்தனார அனுப்புனேன். அவரு வீட்டுக்குள்ளகூட கருப்புக் கண்ணாடி போடுற ஆளு, பெரிய எடத்து மனுஷன்னு நெனச்சு ஏத்திச் சொல்றானா பாப்போம்னு. எழுபது. பக்கத்துக் கட பியூட்டி பார்லர் அக்காவ அனுப்புனேன். எழுபது. எங்க கடையில பட்டன் தைக்கிற அக்கா இருக்காங்க, பாவம், அவங்க லேப்டாப்ப வாழ்க்கையில தொட்டதே இல்ல, அவங்களையும் அனுப்புனேன். அவங்க அத நல்லாத் தட்டி, மூடி, தொறந்து, துணியத் தடவிப் பாக்குற மாதிரி தடவிப் பாத்துட்டு, "உறுதியாத்தான் இருக்கு"ன்னு வந்து சொன்னாங்க. விலை? அதே எழுபது!

கேளுங்க, இனிமேதான் கதையே. நாலு நாளைக்கு முன்னாடி வரேன். கோடு அப்படியே இருக்கு, கீழ எண்பது! அந்த நீலச்சட்ட சேல்ஸ்மேன், அதோ ஃபேனுக்கு அடியில நிக்கிறாரே, அவரப் புடிச்சு, "ஏம்ப்பா, என்னப்பா அநியாயம் இது"ன்னேன். அவரு சொல்றாரு, "அக்கா, யாரு வந்து எந்த மாடலக் கேட்டாலும் நாங்க மெஷின்ல தட்டி மேல அனுப்புவோம். இந்த மாடல ஊரே கேக்குது. இவ்ளோ கிராக்கி இருக்குற சரக்குக்கு எதுக்குத் தள்ளுபடின்னு மேலிடத்துல ஆஃபரத் தூக்கிட்டாங்க." ஊரே கேக்குதா, யாருப்பா அப்படிக் கேக்குறான்னேன். "குடை புடிச்ச ஐயா ஒருத்தரு மூணு தடவ வந்தாரு அக்கா. கருப்புக் கண்ணாடி போட்ட சாரு ஒருத்தரு. தலைக்குச் சாயம் போட்ட அம்மா ஒருத்தங்க. இன்னொரு அம்மா தடவிக்கிட்டே இருந்தாங்க"ன்னு அடுக்குறாரு.

சிரிக்காதீங்க தம்பி! சரி, சிரிங்க. ஊரே கேக்குதாம். அந்த ஊரு பூரா எங்க வீட்டுலதான் குடியிருக்கு! சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேன். யாருகிட்டப் போயி அழ? வீட்டுக்காரருகிட்ட சொன்னா, "என்னைய அனுப்புனது யாரு"ன்னு குடைய மடக்கிக்கிட்டே கேக்குறாரு.

நாளைக்குன்னு நெனச்சாலே பயமா இருக்கு தம்பி. எம் பொண்ணு காலையிலயே மேஜையத் தொடச்சு, அயன்பாக்ஸ எடுத்து என்னோட எடத்துல வச்சுட்டா. "இனிமே உனக்கு வேணும்போது தேச்சுக்கம்மா"ன்னா. வெறும் மேஜையப் பாத்துட்டுத்தான் கெளம்பி வந்தேன்.

ஆனா ஒரு வழி இருக்கு. கிட்ட வாங்க, மெதுவாச் சொல்றேன். அந்த நீலச்சட்ட நல்ல மனுஷன், எங்கிட்ட ரகசியமாச் சொன்னாரு. இன்னிக்கு மாசக் கடைசி. மேனேஜருக்கு இலக்கு முடிய ஒரே ஒரு லேப்டாப்பு பாக்கி. பொட்டி பிரிக்காத பீசும் இந்த மாடல்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நேரா மேனேஜர்கிட்டயே போயி, "மவுசு வேணாம், வாரண்டிய நீட்டிக்கிறதெல்லாம் வேணாம், இப்பவே முழுசாக் கட்டுறேன், பழைய விலைக்குப் போடுங்க"ன்னு ஒரே மூச்சுல சொன்னா, மறுபேச்சு இல்லாம எழுபதுக்குப் போட்டுருவாராம். நீலச்சட்ட அப்பவே, "எதுக்கும் பொட்டிய உங்க பேருக்கு எடுத்து வச்சுரட்டா அக்கா"ன்னாரு. வேணாம்னுட்டேன். எடுத்து வச்சா நமக்கு அவசரம்னு தெரிஞ்சுருமே, அப்புறம் எறங்குவாரா? அவசரமே இல்லாத ஆளு மாதிரி உக்காந்திருக்கணும். அதான் பேரத்துல மொதப் பாடம்.

நல்ல மெஷினா இருக்கப்போயித்தான் இவ்ளோ பாடு படுறேன்... ஆமா, கனமே இல்ல. சார்ஜு நாளு பூரா நிக்குமாம். எம் பொண்ணு எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டா, இந்தக் காசுக்கு இத விட ஒசந்தது கெடையாதுன்னுட்டா. ஆமாமா, நாலு மாசமா அவகிட்ட யாரு புதுசு வாங்க யோசன கேட்டாலும் இதத்தான் சொல்றாளாம்... என்ன, ஃபோனு வருதா? போயிப் பேசிட்டு வாங்க, சீட்ட நான் பாத்துக்கறேன்.

நல்ல புள்ள. இந்தக் காலத்துல யாரு இவ்ளோ பொறுமையாக் கேக்குறாங்க? எங்க வீட்டுலயெல்லாம் நான் வாயத் தொறந்தா ஆளுக்கொரு மூலைக்கு... ஏங்க, அந்த சீட்டுல உக்காராதீங்க, ஆளு வருது!

நீலச்சட்ட! ஏம்ப்பா, மேனேஜரு வந்துட்டாரா?... வந்து நேரமாச்சா? நான் வாசலையேதானே பாத்துக்கிட்டு... பின்பக்கமா வந்தாரா. சரி சரி, வரேன். வணக்கம் சார். எனக்கு மவுசு வேணாம், வாரண்டிய நீட்டிக்கிறதெல்லாம் வேணாம், இப்பவே முழுசாக் கட்டு... என்னது? என்ன சார் சிரிக்கிறீங்க?... இதே மாதிரி இப்பத்தான் ஒருத்தரு சொன்னாரா? ஒரே மூச்சுலயா?

யாரு... ஐயோ. தம்பி! அடப்பாவி, பில்லு போடுற எடத்துல பொட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே! சும்மா பாக்க வந்தேன்னீங்க!... தங்கச்சிக்கா? காலேஜுக்கா?... ம்... இல்லப்பா. உங்க மேல என்ன தப்பு. கட கடையா ஏறி எறங்கித் தெரிஞ்சுக்கிட்டத ஒக்கார வச்சு ஊட்டிவிட்டது நான்தானே. ஏம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க, கெளம்புங்க. ஏய் நில்லுங்க, நில்லுங்க! அந்தப் பைய வாங்கிட்டீங்களா? மவுசத்தான் வேணாம்னு சொல்லச் சொன்னேன், பைய இல்ல. வெலைக்குள்ள அதுக்கும் காசு குடுத்திருக்கீங்க, கேட்டு வாங்குங்க. ஏம்ப்பா நீலச்சட்ட, அவருக்குப் பையக் குடுப்பா!

சார்... வேற பீசு? குடோன்ல? வேற கிளையில?... நாலு நாளு ஆகுமா. எனக்கு ஒரு நாளுகூட இல்ல சார். அப்ப இது? இந்த மேஜை மேல தொறந்து கெடக்குறது? டிஸ்ப்ளே பீசுன்னா என்ன, ஓடுதுல்ல?... குடுப்பீங்களா! எவ்ளோ?... எண்பதா? தொட்டுத் தொட்டு வச்ச பீசுக்கு எண்பதா? இலக்குன்னு ஒண்ணு இருக்குமே சார், மாசக் கடைசி... ஓ. அந்தத் தம்பியோட முடிஞ்சுருச்சா. ரொம்ப சந்தோஷம் சார். வாழ்த்துகள்.

போடுங்க. எண்பதே போடுங்க. பேரம் பேசல சார், வாய் வலிக்குது. பொட்டி இல்லயா, பரவால்ல. பை?... கடைசிப் பை அவருக்குப் போயிருச்சா? நான் குடுக்கச் சொன்னதா? விடுங்க சார், பைய நானே தச்சுக்கறேன்.

இருங்க, பொண்ணு கூப்புடுறா... ஆங், சொல்லுடி. வாங்கிட்டேன். ஆமா, அதேதான், சாம்பக் கலரு. வெலையா? வெலைய விடு. புதுசுதான்டி, ஏன் கேக்குற?... என்ன சார், தொறந்ததும் ஏதோ பேரு வருதுங்கறீங்க, யாரு பேரு?... அழிக்காதீங்க, அழிக்காதீங்க! இருக்கட்டும்.

ஒண்ணும் இல்லடி. உங்கப்பா ஒத்த வெரலால அவரு பேர அடிச்சு வச்சிருக்காரு. நம்ம வீட்டு ஆளுங்க எல்லாரும் தொட்டுப் பாத்துட்டாங்க, நீ ஒருத்திதான் பாக்கி. வந்துக்கிட்டே இருக்கேன்.