ரெண்டு வருஷத்துச் சீஸ்

பால் ஒத்துக்காதாம்! கேட்டுக்குங்க சார் இந்தக் கூத்த. பொறந்ததுலேருந்து பால் குடிச்சு வளந்த ஆளுக்கு, எங்க வீட்டு மாப்பிள்ளை ஆன ஒடனே பால் ஒத்துக்காம போயிடுச்சாம்! அந்தக் காகிதத்த கொஞ்சம் தள்ளி வைங்க, மேடை ஈரமா இருக்கு. பஸ் டிப்போலேருந்து விசாரிக்க வந்திருக்கீங்க, காகிதம் நனைஞ்சா அதுக்கும் என்னத்தான் சொல்வீங்க.

சொல்றேன், சொல்றேன்... மாப்பிள்ளை பஸ்ஸ நடுவழில விட்டுட்டு ஓடின அன்னிக்கு, மத்தியானம் என் வீட்ல என்ன சாப்ட்டாருன்னுதானே கேக்கறீங்க? அதுக்கு மொதல்ல சீஸ்னா என்னன்னு தெரியணும்ல? தெரியாம என்னத்த எழுதுவீங்க?

இருபத்தாறு வருஷமா இந்தக் கடை வெச்சிருக்கேன். இப்ப வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதே வியாதி. ஆட்டுப்பால் சீஸ் இருக்கா, எருமைப்பால் சீஸ் இருக்கான்னு வந்து நிப்பாங்க. எந்தப் புண்ணியவான் சொல்லிக் குடுத்தானோ! ஆடென்ன, மாடென்ன... பால்னா அதுல சக்கரை இருக்கும் சார். அந்தச் சக்கரைதான் வயித்தக் கலக்கறது. என்ன மிருகம்னு கேக்கக் கூடாது, என்ன வயசுன்னு கேக்கணும்! இதோ இந்த வெள்ளைச் சீஸ், நேத்துத் திரிச்சது. தொட்டாலே தண்ணி விடுது பாருங்க. அந்தத் தண்ணிலதான் சக்கரை. இத அவங்க தின்னா அவ்ளோதான். மேல் தட்டுல வட்டமா ஒண்ணு இருக்கே, அது ரெண்டு வருஷத்துது. தண்ணிய அழுத்தி வடிச்சு, வாரா வாரம் திருப்பிப் போட்டு, உப்புத் தண்ணில தோலத் தொடச்சு... மிச்சம் மீதி சக்கரைய உள்ள இருக்கற கிருமியே தின்னு தீத்துடும். ஒரு சீவல் சாப்ட்டுப் பாக்கறீங்களா? வேண்டாமா? டியூட்டில சாப்ட மாட்டீங்களாக்கும். சரி, ஒங்க இஷ்டம்.

வர்றேன் சார், மாப்பிள்ளைகிட்டதான் வர்றேன். கல்யாணமான புதுசு. முப்பது சொந்தக்காரங்க உக்காந்திருக்காங்க. என் கையால திரிச்ச புதுச் சீஸ எடுத்து வைக்கறேன்... "வேண்டாம் அத்தை, வயிறு கெட்டுடும்"னு தட்ட நகத்தறாரு! என் நாத்தனா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. சீஸ் கடைக்காரி மாப்பிள்ளை சீஸ் தின்ன மாட்டாரு! எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்பறம் என் பொண்ணு மொகத்துக்காகத் தேடித் தேடி, இந்த ரெண்டு வருஷத்துச் சீஸப் புடிச்சேன். மொதல்ல நகத்தளவு குடுத்தேன். அடுத்த வாரம் வெரலளவு. ஒண்ணும் ஆகல. அதுலேருந்து வேற எங்கயும் வாங்க மாட்டாரு. "நீங்க சொன்னா சரி அத்தை"ம்பாரு. ஆனா எனக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. பழைய சீஸ் செரிக்கற வயித்துக்குப் புதுசு மட்டும் எப்படிங்க செரிக்காது? கொழுப்புதானே? என்ன பாக்கறீங்க? ஆமா, சக்கரை, கிருமியெல்லாம் நான்தான் இப்பச் சொன்னேன். அது வாடிக்கைக்காரங்களுக்குச் சொல்றது. வீட்டு மனுஷன் சொன்னா நம்பத் தோணுதா?

அன்னிக்கு உருளைக்கெழங்கு. அடுக்கடுக்கா சீஸ் வெச்சு அடுப்புல சுட்டது. ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு. மூணு மணிக்கு வண்டி எடுத்தவரு, நாலரைக்கு நடு ரோட்ல நிறுத்திட்டு, நாப்பது பேரையும் விட்டுட்டு, கக்கூஸ் தேடி எதிர்த் தையல் கடைக்குள்ள ஓடிட்டாராம். தையல்காரன் பாதி தச்ச சட்டையோட வெளிய வந்துட்டானாம்! சிரிங்க சார், நானும் மொத நாள் விழுந்து விழுந்து சிரிச்சவதான்.

என்ன எழுதறீங்க? "ரெண்டு வருஷத்துச் சீஸ்"னா? நான் இன்னும் சொல்லவே இல்லயே... அவரே சொல்லிட்டாரா? என்னன்னு? "எங்க அத்தை சீஸ் விஷயத்துல தப்பே பண்ண மாட்டாங்க, சாப்பாட்ல ஒண்ணும் இல்ல"ன்னு எழுதிக் குடுத்திருக்காரா? அட கடவுளே... இந்த மனுஷன...

அப்ப ஒங்க டிப்போ டாக்டரு என்ன சொல்றாரு? ஒத்துக்கற சீஸத் தின்னே இப்படின்னா வேற ஏதோ பெரிய வியாதியா இருக்கும்னா? வண்டி ஓட்ட லாயக்கில்லன்னு எறக்கிடுவீங்களா? திங்கக்கெழமையேவா? பதினோரு வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டறவரு சார் அவரு! என் பொண்ணு அத ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவா.

அத அடிங்க. எழுதினத அடிங்க சார். மேல துருவிப் போட்டது மட்டுந்தான் பழசு, வாசனைக்கு. உள்ள அரைக் கிலோ புதுசு. நடிக்கறாரான்னு பாக்கத்தான் வெச்சேன். வாயில வைக்கறதுக்கு முன்னாடி, "எந்தச் சீஸ் அத்தை?"ன்னு கேட்டாரு. "பழசுதான் மாப்பிள்ளை, தைரியமா சாப்டுங்க"ன்னேன். கொஞ்சங்கூட நாக்கு கூசல எனக்கு.

எழுதிட்டீங்களா? படிங்க... இல்லயில்ல, "தவறுதலா"ன்னு போடாதீங்க. பாவம் பாக்கறீங்களா? "வேணும்னே"ன்னு போடுங்க. இதுல ஒரு நகல் அவங்க வீட்டுக்குப் போகுமா? என் பொண்ணு படிப்பாளா?

போகட்டும். பேனாவக் குடுங்க.