ஹவில்தார் மதுரைவீரன் கேட்ட தண்ணீர்

மேடையில் வீற்றிருக்கும் பயிற்சி மையத் தலைவர் சரவணக்குமார் அவர்களே, விராலிமலை முன்னாள் படைவீரர் சங்கத் தோழர்களே, முன்வரிசையில் கணவரை இழந்த துயரத்தோடு அமர்ந்திருக்கும் தங்கை பரிமளா அவர்களே, ராணுவத்தில் சேர மைதானத்தில் ஓடிப் பழகும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நான் நாகராசு. நம்மை விட்டுப் பிரிந்த ஹவில்தார் மதுரைவீரனோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அவரை மாவீரர் என்றார்கள். எதிரியை நடுங்க வைத்தவர் என்றார்கள். ஐயா, அவர் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார்!

எண்பத்தேழில் அமைதிப்படையில் இலங்கைக்குப் போனோம். அங்கேயும் தமிழ், நாமும் தமிழ். சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது போலத்தானே என்று நினைத்தோம். நம் ஊர்க்காரன் மட்டுமே போடக்கூடிய தப்புக்கணக்கு அது.

ஒரு நாள் நல்ல வெயில். ஒரு வீட்டு வாசலில் நின்று மதுரைவீரன், "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க" என்றார். கிணற்றடியில் நின்ற அந்த அம்மாள், "தண்ணி தாறன் தம்பி. துவக்க வெளியில வச்சிட்டு வாங்கோ" என்றார். துவக்கு என்றால் துப்பாக்கி. சிப்பாய் துப்பாக்கியைக் கீழே வைக்க முடியுமா? வறண்ட நாக்கோடு திரும்பினோம். வழியில் மதுரைவீரன் என்னிடம் சொன்னார்: "அண்ணே, நம்ம பேச்சு பேசுறவுக வீட்லயே தண்ணி கெடைக்கல. இங்கிட்டு நாம ஜெயிக்கவே மாட்டோம்."

ஜெயித்தோமா? லாரி லாரியாக ஆட்கள் இறங்கினோம். அரிசி வரும் பாதைக்குக் காவல், அந்தக் காவலுக்கு இன்னொரு காவல் என்று பாதிப் பேர் சாலையிலேயே நின்றோம். ஊரைக் காக்கப் போனவர்கள் கடைசியில் சொந்தச் சோற்றைக் காத்துக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் எல்லாச் சந்தும் இருந்தது. ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. எங்களோடு வந்தவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. எதற்காகச் செத்தார்கள் என்று அவர்கள் வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

இன்றைக்கும் ஏதோ ஒரு நாட்டின் டாங்கிகள் இன்னொரு நாட்டுக்குள் போகின்றன. நாலு நாளில் முடிந்துவிடும் என்கிறார்கள். டீக்கடை டிவியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மதுரைவீரன் கேட்பார்: "உள்ள போயிட்டானுக, சரி. அங்கிட்டு எவுக வீட்ல தண்ணி குடிப்பானுக?"

இதைத்தான் அவர் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது மைதானத்தில் சொன்னார். நாட்டைக் காக்கப் போ, உயிரையும் கொடு. அடுத்தவன் வாசலில் துப்பாக்கியோடு போய் நிற்காதே என்றார். அது குற்றமா? பிள்ளைகளுக்குச் சூடு ஆறிவிடும் என்று அந்தப் பேச்சை நிறுத்தியது யார்? தலைவர் அவர்களே, நீங்கள்தானே! ஓட்டம் மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்றீர்கள். ஓராண்டாக அந்த மனிதர் விசில் மட்டும் ஊதினார்.

நேற்று பரிமளா என்னிடம் சொன்னார்: "அண்ணே, மாலையப் போட்டு அவுக வாய அடச்சிருவாக. அவுக சொன்னத நீங்களாச்சும் சொல்லிருங்க." சொல்லிவிட்டேன், தங்கச்சி. வரும் ஞாயிறு முதல் மைதானத்தில் நானே சொல்வேன். கேட்டைப் பூட்டினால் ரோட்டில் நின்று சொல்வேன்.

இப்போது இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்வார்கள். நிற்பவர்கள் நில்லுங்கள். நான் நிற்க மாட்டேன். அவரை ஓராண்டு மௌனமாக வைத்திருந்தது போதும்!