எல்லோரும் ஏறும்வரை நின்ற வேலப்பன் மாமா

மேடையில் இருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் உலகம்மை அத்தை அவர்களே, கணவர் வேலப்பன் மாமாவைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் பொன்னம்மை அத்தை அவர்களே, நம் தெருவின் மக்களே, வணக்கம். நான் ஆர்யா, பத்தாம் வகுப்பு. தமிழும் மலையாளமும் எழுதுவேன் என்பதால், சங்கத்தின் குறிப்பேட்டை என்னிடம் ஒப்படைத்தவர் நம் செயலாளர் வேலப்பன் மாமா. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்றார். இன்றும் அப்படியே, ஒன்றையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

மாமா முப்பது வருடம் கிழக்கேகோட்டை பஸ்களில் கண்டக்டர். ஓய்வுபெற்ற பின்னும் விசிலை விடவில்லை. சாலைச் சந்தைக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் நம் தெருவில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். அது வடிய ஓடை எங்கே வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? தலைவரா? செயலாளரா? மாமா பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டுத் தெருவை வரைந்தார். வீட்டுக்கொரு பொட்டு அட்டை கொடுத்து, தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒட்டச் சொன்னார்.

சுமை தூக்கும் உச்சிமாகாளி அண்ணன் மட்டும் வரவில்லை. எழுத்து தெரியாத நான் வந்து என்ன செய்ய என்றார். மாமா அவர் வாசலுக்கே போனார்.

"எழுத வேண்டாம்டே. பொட்டு ஒட்டுனா போரும்."

"எனக்கா பொட்டு?"

"உனக்கில்லடே, ஓடைக்கு."

ஒவ்வொரு முடிவுக்கு முன்னும் விசில் ஊதிக் கேட்பார்: "ஆராவது ஏற மிச்சம் உண்டா? இருந்தா வண்டி எடுக்க மாட்டேன், கேட்டியளா."

சிவப்புப் பொட்டுகள் எல்லாம் ஒரே கோடாகப் போய் ஒரு கிடங்கின் சுவரில் முட்டின. பழைய ஓடை அந்தக் கிடங்குக்கு அடியில் புதைந்திருந்தது. கிடங்குக்காரர் இரண்டு முறை மிரட்டல் சொல்லி அனுப்பினார். ஓடையை முடிவு செய்யும் கூட்டத்தை மாமா தள்ளிவைக்கவில்லை.

அன்று அங்கன்வாடியில் மாமாவோடு சேர்த்து நாம் நாற்பத்திரண்டு பேர். மாலை ஆறரை தாண்டி மாமா விசிலை எடுத்தபோது மூன்று பேர் இரும்புக் கம்பியோடு நுழைந்தார்கள். முதல் அடி விசில் பிடித்த கையில். எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. தடுக்கப் பாய்ந்த உச்சிமாகாளி அண்ணனின் தோளை உடைத்தார்கள். அடுத்த மூன்று அடிகளும் மாமாவின் தலையில். அவர் வரைபடத்தின் மேலேயே விழுந்தார். எது பொட்டு, எது ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

போலீசிடம் நாம் என்ன சொன்னோம்? "இருட்டு சாரே, ஒண்ணும் கண்டில்ல." அண்ணன் ஒருவரைத் தவிர எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அது பொய்.

மாமா தொடங்கிய ஓடையை நாம் வெட்டியே தீருவோம். புதிய வரைபடம் இதோ, மேசைமேல் இருக்கிறது. நாளைக் காலை குறிப்பேட்டோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். சாட்சிக் கையெழுத்துக்கு நாற்பத்தொரு வரிகள் விட்டிருக்கிறேன். அண்ணன் கைநாட்டு வைத்துவிட்டார், நானும் கையெழுத்திட்டுவிட்டேன். இன்னும் ஆராவது ஏற மிச்சம் உண்டா?

அன்றைய குறிப்பின் கடைசி வரிகளை நேற்றுதான் எழுதி முடித்தேன். வாசிக்கிறேன்:

மணி ஆறு முப்பத்தெட்டு. மூன்று டியூப்லைட்டுகளும் எரிந்துகொண்டிருந்தன. மூவரின் முகங்களையும் எல்லோரும் பார்த்தோம். செயலாளர் விழுந்தார், அசைவு நின்றது. அதன் பிறகுதான் விளக்குகள் அணைக்கப்பட்டன. சுவிட்ச் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. பயந்துபோய் அணைத்தவள் நான்.