பானிபூரியில் கிடந்த முடி

வாயாடி: பைப்பை மூடுடி. எவ்ளோ நேரம் கை கழுவுவ?

அமுக்குணி: புதினா வாசம் போக மாட்டேங்குது.

வாயாடி: வாசம் போகலியா, உள்ள வந்து உக்கார மனசு வரலியா?

அமுக்குணி: நீ மட்டும் ஏன் எழுந்து வந்தியாம்?

வாயாடி: எனக்கு… காரம். அங்க எல்லாரும் அடுத்த பிளேட்டுக்குப் போயிட்டாங்க. பேல்பூரி, சமோசா சாட்னு நம்ம பார்லரே திங்குது. நம்ம ஓனர் அக்கா கேக்குறாங்க, அமுக்குணி எங்கேன்னு.

அமுக்குணி: பூரி போட்டுக் குடுத்தாங்களே, அந்தம்மா அங்க இருக்காங்களா?

வாயாடி: இல்ல. இப்ப வேற ஆள் நிக்குறான்.

அமுக்குணி: உன்னாலதான்.

வாயாடி: என்னாலயா? தண்ணிக்குள்ள முடி கிடந்தா, முழுங்கிட்டு ஏப்பம் விடச் சொல்றியா?

அமுக்குணி: மெதுவா சொல்லியிருக்கலாம். கடையே திரும்பிப் பாக்குற மாதிரி கத்துன.

வாயாடி: என் வாய் அப்படி. தெரிஞ்சதுதானே? அந்த முதலாளிதான் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாரு. அந்தம்மா ஒரு வார்த்தை பதில் பேசல பாத்தியா?

அமுக்குணி: பாத்தேன். …அந்த முடி நீளம் எவ்ளோ இருக்கும்?

வாயாடி: எதுக்கு இப்ப?

அமுக்குணி: சொல்லேன்.

வாயாடி: விரல் நீளம்… விடுடி, சாப்பிட்ட வயித்துல முடிக்கதை எதுக்கு?

அமுக்குணி: கலரு?

வாயாடி: நகரு, நானும் கை கழுவணும்.

அமுக்குணி: சதா தொணதொணன்னு பேசுவியே. இப்ப இதுக்குப் பதில் சொல்லு.

வாயாடி: மாதுளை கலர். போதுமா?

அமுக்குணி: அப்ப உனக்குத் தெரியும்.

வாயாடி: கல்யாணப் பொண்ணு தலைக்கு நாந்தானேடி மத்தியானம் அந்த மையைக் கலந்தேன். என் கண்ணுக்குத் தெரியாதா? முதல்ல கத்துனேன். அப்புறந்தான் வெளிச்சத்துல பாத்தேன். பாத்தும்… நிறுத்த முடியலடி. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. இன்னும் சத்தமாக் கத்திட்டேன்.

அமுக்குணி: அவளுக்கு முடி வெட்டுனது நான்.

வாயாடி: அதுக்கென்ன?

அமுக்குணி: கையை உதறாமலே கிளம்பி வந்துட்டேன். உன் தட்டுல கை விட்டு ஒரு பூரி எடுத்தேன்ல? அப்ப என் சட்டைக் கையிலருந்து தண்ணிக்குள்ள விழுந்துச்சு. விழும்போதே பாத்தேன்.

வாயாடி: அடிப்பாவி! பாத்துட்டுமா கம்முனு உக்காந்திருந்த?

அமுக்குணி: சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ கத்திட்ட. பக்கத்துல நம்ம கஸ்டமருங்க ரெண்டு பேரு. அக்கா வேற… ச்சீ. எனக்கே என்னை நினைச்சா அசிங்கமா இருக்கு.

வாயாடி: எனக்கு மட்டும் இனிக்குதா? புதுசா ஒரு பிளேட் கொண்டாந்து வெச்சாங்களே, அதை வேற வெட்கமே இல்லாம தின்னேன்.

பூரிக்காரம்மா: கொஞ்சம் நகந்துக்கிறீங்களாம்மா? இந்தக் கொக்கியில ஏப்ரனை மாட்டிட்டுப் போயிடுறேன்.

வாயாடி: ஐயோ… கிளம்பிட்டீங்களா?

பூரிக்காரம்மா: நாளைலருந்து வர வேணாம்னுட்டாரும்மா. மன்னிச்சிக்கோங்க. ஆசையா சாப்பிட வந்தீங்க…

அமுக்குணி: நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க! அக்கா, அது உங்க முடி இல்ல. என் சட்டையில ஒட்டியிருந்தது. நாங்க பார்லர்ல முடி வெட்டுறவங்க.

வாயாடி: தெரிஞ்சேதான் கத்துனேன்க்கா. என்னைச் செருப்பால அடிங்க.

பூரிக்காரம்மா: என் முடி இல்லன்னு எனக்கும் தெரியும்மா.

வாயாடி: அப்புறம் ஏன்க்கா வாயே திறக்கல? வாங்க, இப்பவே முதலாளிகிட்ட போவோம். எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்.

பூரிக்காரம்மா: வேணாம்மா.

அமுக்குணி: அவர் நம்பாட்டி, தலையில இருக்குற அந்தத் தொப்பியைக் கழட்டிக் காட்டுங்க. உங்க முடி ஒரு கலரு, அது ஒரு கலரு. பாத்தாலே தெரிஞ்சிடும்.

பூரிக்காரம்மா: அதையேதான் அவரும் உள்ள கூப்பிட்டுச் சொன்னாரு. தொப்பியைக் கழட்டு, பாக்கலாம்னாரு. மாட்டேன்னுட்டேன்.

வாயாடி: ஒரு நிமிஷ வேலைக்கா! வேலையே போகுது… வீம்பு புடிக்கிற நேரமா இது?

பூரிக்காரம்மா: கழட்டுனா உள்ள ஒண்ணும் இல்லம்மா. ஆஸ்பத்திரியில ஏத்துற மருந்துல மொத்தமும் கொட்டிப்போச்சு. முடி விழுந்துச்சுன்னு அனுப்புனா, இன்னொரு கடையில போய் வேலை கேக்கலாம்… இந்த நோவுன்னு தெரிஞ்சா, என் கையால யாரும்மா வாங்கிச் சாப்பிடுவாங்க?