தேடினா முதல்ல வர்ற கடை

உக்காருங்கண்ணே, நின்னுக்கிட்டேவா நன்றி சொல்லுவாங்க? அந்த ஸ்க்ரூ டப்பாவைத் தள்ளி வச்சிட்டு ஸ்டூல்ல உக்காருங்க. ஆமா, எங்க கடைக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு கூப்பிடுறவங்களுக்கெல்லாம் உங்க நம்பரைக் குடுக்குறது நான்தான். ஏன்னு கேக்குறீங்களா? சொல்றேன், முதல்ல உங்க வெப்சைட்டைக் காட்டுங்க.

அடடா. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தேடினா வராதே? எப்படி வரும்? கூகுள் ஒரு ரோபோவை அனுப்பும்ணே, பக்கம் பக்கமா படிச்சிட்டுப் போறதுக்கு. இங்க பாருங்க, வாசல்லயே அதை உள்ள வராதேன்னு ஒரு வரி. சைட் கட்டும்போது போட்டது, கட்டினவரு எடுக்க மறந்துட்டாரு. மூணு வருஷமா உள்ள விளக்கெரியுது, ஷட்டர் மட்டும் இறங்கியே கெடக்கு.

எடுத்தாச்சு. அப்புறம் சைட்மேப்னு ஒண்ணு வைக்கணும், என்னென்ன பக்கம் இருக்குன்னு ஒரு பட்டியல். இல்லன்னா அது தடவிக்கிட்டே திரியும் பாவம். இந்த லிங்க் எங்க போகுது? பழைய அட்ரஸுக்கு, அங்க ஈ காக்கா இல்ல. புதுசுக்குத் திருப்பி விடணும். போட்டோ ஒவ்வொண்ணும் யானை சைஸ்ணே, போன்ல திறக்குறதுக்குள்ள கூப்பிட வந்தவங்க வீட்டு ஐஸ்கிரீம் உருகிடும். சிரிக்காதீங்க, அதுக்கும் கூகுள்ல மார்க்கு குறைப்பாங்க.

யாரும் சொல்லித் தரல. எங்க வீட்டுக்காரரு கம்ப்யூட்டர்னா காத தூரம் ஓடுவாரு, நான்தான் வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். தேடினா எங்க கடை எட்டாவது பக்கத்துல கெடந்துச்சு. முதல்ல வந்த அன்னிக்கு, போனைத் தூக்கிக்கிட்டு தெரு முழுக்கக் காட்டினாரு மனுஷன்.

உங்களையும் முதல் இடத்துக்கா? ரெண்டாவது வரைக்கும் நான் பொறுப்பு. முதலிடம் மட்டும் கேக்காதீங்கண்ணே.

சேச்சே, போட்டியெல்லாம் இல்ல. வேலை பூரா உங்களுக்குத்தானே வருது? இங்க வேலை செய்ய யாரு இருக்கா. அவரு போயி பதினாலு மாசமாச்சு, மாரடைப்பு. உங்களுக்குத் தெரியாதா? பரவால்ல, உக்காருங்க.

சொந்தக்காரங்க போன்கூட நின்னு போச்சு. இந்த நம்பருக்கு மட்டும் தினம் நாலு பேராவது கூப்பிட்டு, மெக்கானிக் இருக்காரான்னு கேக்குறாங்க. வெளியில வேலையா போயிருக்காருன்னு சொல்லி, அவசரம்னா இவரைக் கூப்பிடுங்கன்னு உங்க நம்பரைக் குடுத்துருவேன். சில பேரு விடமாட்டாங்க, எப்ப வருவாருன்னு கேப்பாங்க.

சாயங்காலம்னு சொல்லுவேன்.