அறுநூறும் இடது கை

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் மூன்றையும் எழுத்தர் முதல் தாளில் தனியே எழுதிக் காட்டினார், நான் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னேன். வயது நாற்பத்தொன்று. தையல் பட்டறைக்குப் பின்பக்கத்துச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே உள்ள இரண்டு அறை வீட்டில் கணவருடன் பதினேழு ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மேற்படி பட்டறையில் நான் துணி விரிக்கும் வேலை பார்க்கிறேன். என் கணவர் அங்கேயே கட்டிங் மாஸ்டர். வீட்டிலும் அவரை நான் மாஸ்டர் என்றே கூப்பிடுவதால் இந்த வாக்குமூலத்திலும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாஸ்டர் இதே நிலையத்தில், கோட்டுக் கைகளுக்கான துணித்துண்டுகள், அதாவது கைத்துண்டுகள், அறுநூறையும் தான் வேண்டுமென்றே தவறாக வெட்டியதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன். அவர் எழுதிக் கொடுத்தது பொய். கல்யாணமான இந்த இருபது வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன பொய்கள் எனக்கு அத்துப்படி, அவற்றில் மிகவும் மட்டமான பொய் இதுதான். அது அப்படியே நின்றால் அவர் மேல் வழக்குப் பதிவாகும், அதன் பிறகு எந்தப் பட்டறையும் அவரை வாசற்படி ஏற்றாது என்று உதவி ஆய்வாளர் என்னிடம் தெளிவாகச் சொன்னார்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் 'கட்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் ஓட்டிவிடுவோம். துணி வெட்டினாலும் கட், மின்சாரம் போனாலும் கட், ஆளை வேலையிலிருந்து நிறுத்தினாலும் கட். எனவே நான் சொல்லச் சொல்ல எழுத்தர் பேனாவை நிறுத்தி நிறுத்தி, "எந்த கட்டும்மா?" என்று கேட்டு எழுதினார். அவர் பொறுமைக்கு நன்றி.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் அழகு நிலையத்துக்குப் போய் இடுப்பு வரை இருந்த முடியைத் தோள் வரை கட் செய்துகொண்டேன். (முடி.) தலைக்குக் குளித்தால் காய வைக்கவே பாதி நாள் போகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது. அதன் பிறகு வீட்டுக்கு வந்து, மாஸ்டர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னை ஒரு முறை திரும்பி நிற்கச் சொன்னார். திரும்பி நின்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் சொன்னது: "வலது பக்கம் அரை அங்குலம் இறக்கமா இருக்கு. துணியா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்."

அதன் பிறகு நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அளவு டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தேன். சரியாக அரை அங்குலம். அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் அன்று சாயங்காலமே சமாதானமாகியிருப்பேன். சரியாக இருந்ததால்தான் கோபம் தலைக்கேறியது. அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்குள் பேச்சு கட். (பேச்சுவார்த்தை நின்றது.)

திங்கட்கிழமை அவர் பட்டறையின் கீழ்த்தளத்திலிருந்து, மேலே இருந்த என் கைபேசிக்கு இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் நான் கட் செய்தேன். தொடர்பு சரியில்லாமல் தானாகத் துண்டிக்கப்பட்டதா என்று எழுத்தர் கேட்டதற்கு, இல்லை, என் விரலால்தான் என்று பதில் சொன்னேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் பங்குச் சாப்பாட்டை மேஜையில் மூடி வைத்துவிட்டு முன்னறைக்குப் போய்விடுவேன். அவர் சாப்பிட்ட தட்டோடு என் தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அதைப் பார்த்து மனசு இளகியது உண்மை. ஆனாலும் நானாகப் போய்ப் பேசுவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை, அதாவது நேற்று, காலை எட்டரை மணிக்கு ஒரு பேருந்து நிறுவனத்தின் ஓட்டுநர்களுக்கான முந்நூறு கோட்டுக்குக் கைத்துண்டு வெட்டும் வேலை. அந்தத் துணி ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் சொரசொரப்பு, திருப்பிப் போட்டுத் தைக்க முடியாது. இதைச் சற்று விளக்க வேண்டும். துணியை நல்ல பக்கத்தை நல்ல பக்கம் பார்க்கும்படி ஜோடி ஜோடியாக விரித்தால், கை வடிவத்தில் வெட்டிய ஒரே அளவு அட்டையை மேலே வைத்து வெட்டினாலும் ஒன்று இடது கையாகவும் இன்னொன்று வலது கையாகவும் வந்துவிடும். எல்லா அடுக்கையும் ஒரே முகமாக விரித்தால் இரண்டு கைக்கும் தனித்தனி அட்டை வைத்து வெட்ட வேண்டும். இரண்டு முறையும் எங்களிடம் உண்டு. விரித்து முடித்து மேலே காகிதம் போட்டுவிட்டால் எந்த முறை என்று பார்வைக்குத் தெரியாது. அதனால் கத்தியை ஓட்டுவதற்கு முன் மாஸ்டர் மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து "ஜோடியா?" என்று கேட்பார். நான் இந்தப் பக்கத்திலிருந்து "ஜோடிதான்" என்றோ "இல்ல, ஒரே முகம்" என்றோ சொல்வேன். பதினேழு வருடமாக இதுதான் வழக்கம், ஒரு நாளும் தவறியதில்லை.

நேற்று நான் நூறு அடுக்கும் ஒரே முகமாக விரித்தேன். கோட்டின் முதுகையும் முன்பக்கத்தையும் முந்தின வாரம் அப்படித்தான் வெட்டினோம், கையும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதன் பிறகு மாஸ்டர் வந்து, இடது கை அட்டையை மட்டும் ஆறு இடத்தில் வைத்துக் கோடு போட்டார். அவர் ஜோடி என்று நினைத்துக்கொண்டார். அவரும் கேட்கவில்லை. என் பக்கத்து மேஜை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதற்கு அவர் நான் நிற்கும் இடத்துக்கு வர வேண்டியிருந்தது, அவர் வரவில்லை.

பதினொன்று பத்துக்கு, ஆறு இடத்தில் மூன்றை வெட்டி முடித்த நிலையில், கரண்ட் கட். மெஷின் கத்தி துணிக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டது. இருபது நிமிடம் மேஜைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் சும்மா நின்றோம். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. நான் என் தண்ணீர்ப் பாட்டிலை மேஜை மேல் உருட்டிவிட்டேன், அவர் எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்ப உருட்டிவிட்டார். அந்த இருபது நிமிடத்தில் எங்களில் ஒருவர் வாயைத் திறந்திருந்தாலும் முந்நூறு கைத்துண்டாவது தப்பியிருக்கும். கரண்ட் வந்ததும் மீதியையும் வெட்டி முடித்தோம்.

இன்று மதியம் இரண்டு மணிக்குத் தையல் பிரிவிலிருந்து பெரிய சிரிப்பாகக் கேட்டது. அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போய்ப் பார்த்தபோது, தைத்து முடித்த முதல் கோட்டைச் சரிபார்க்கும் அண்ணன் மாட்டிக்கொண்டு நின்றார். இடது கை ஒழுங்காகத் தொங்கியது, வலது கை முதுகைத் தடவிக்கொடுக்கப் போவதுபோல் பின்னால் திரும்பிக்கொண்டு நின்றது. கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அறுநூறும் இடது கை.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், கோட்டுகளைச் செவ்வாய்க்கிழமை கொடுத்தாக வேண்டும். அதோடு, இந்த வாரத்தில் மாஸ்டர் அடுத்த தெருவிலுள்ள போட்டிப் பட்டறைக்கு இரண்டு நாள் குறுக்குச் சந்து வழியாகப் போய்வந்ததை முதலாளி தன் கண்ணால் பார்த்திருக்கிறார். "அவங்கிட்ட காசு வாங்கிக்கிட்டு எனக்குக் குழி பறிச்சிட்டியா மாஸ்டர்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மாஸ்டர் கழுத்திலிருந்த அளவு டேப்பை எடுத்துச் சுருட்டி மேஜை மேல் வைத்தார். அதன் பிறகு முதலாளி புகார் கொடுத்தார், காவலர் வந்து மாஸ்டரை அழைத்துப் போனார்.

நான்கரை மணிக்கு, மாஸ்டர் எழுதிக் கொடுத்துவிட்ட செய்தியோடு என் தம்பி மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தான். அவன் மேற்படி போட்டிப் பட்டறையில் பொத்தான் தைக்கும் மெஷின் ஓட்டுகிறான். அவன் சொன்னது: "அக்கா, மாமா ரெண்டு நாளும் என்னைப் பார்க்கத்தான் வந்தாரு. உங்க அக்கா பேச மாட்டேங்கறா, என்ன பண்ணலாம்னு ஒரு யோசனை சொல்லுடான்னு கேட்டாரு. நான் சிரிச்சிட்டேன். அவரு சிரிக்கல." இதைக் கேட்டதும் நான் படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்தேன். தம்பி வெளியே நிற்கிறான், அவனையும் விசாரித்துக்கொள்ளலாம்.

மாஸ்டர் ஏன் அப்படி எழுதிக் கொடுத்தார் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். துணியை விரித்தது யார் என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, தானே விரித்ததாகச் சொல்லியிருக்கிறார். நீயே விரித்து நீயே வெட்டினால் எப்படித் தவறும் என்று கேட்டதற்கு, வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லியிருக்கிறார். என்னை இதில் இழுக்கக் கூடாது என்பதற்காகத் தன் பெயரை இப்படிக் கெடுத்துக்கொண்டார். ஊரார் வாயில் விழுந்தாலும் பரவாயில்லை, பெண்டாட்டி பெயர் வரக் கூடாது என்று நினைக்கிற மனிதர். அவர் மேல் எனக்கு உயிர். அதை நேரில் சொல்லும் பழக்கம் எங்களுக்குள் இல்லாததால் இங்கே எழுதச் சொல்கிறேன்.

துணியை விரித்தது நான். கேட்காமல் விரித்தது நான். எங்கள் இருவருக்கும் யாரோடும் எந்த உள் ஏற்பாடும் கிடையாது. முந்நூறு இடது கை எப்படியும் வேண்டியவைதான். மீதித் துணியில் முந்நூறு வலது கையை நாளை மதியத்துக்குள் நாங்கள் வெட்டிக் கொடுக்கிறோம், அதற்கு எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நான் சொல்வது என் மேலேயே திரும்பலாம், யோசித்துக்கொள் என்று உதவி ஆய்வாளர் எச்சரித்தார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னேன்.

இதுவரை எழுதியதை எழுத்தர் உரக்கப் படித்துக் காட்டினார். அப்போது சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் எழுந்து நின்று, "ஐயா, நான் குடுத்தத கட் பண்ணிடுங்க. அவ சொல்றதுதான் நெசம்" என்றார். (தன் வாக்குமூலத்தை நீக்கும்படி.) அந்தத் தாளைக் கிழிக்க முடியாது, வேண்டுமானால் மறுத்து இன்னொன்று எழுதிக் கொடுக்கலாம் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். எதிரே அமர்ந்திருந்த முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு, "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு என் கோட்டுதான் கெடச்சுதா? ரெண்டு பேரும் போயி வலது கைய வெட்டுங்க, நான் புகார வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

அதன் பிறகு மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "நீ ஏன் இங்கெல்லாம் வர்ற? நான் பாத்துக்க மாட்டேனா?" என்று கேட்டார்.

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணத்ததான் பட்டறையே பாத்துச் சிரிச்சுதே" என்று நான் சொன்னேன்.

மேற்படி ஐந்து நாள் பேச்சில்லாமைக்குப் பின் முதலில் என்னிடம் பேசியது மாஸ்டர்தான், நான் இல்லை என்பதைக் குறிப்பாகச் சேர்க்கும்படி எழுத்தரைக் கேட்டுக்கொண்டேன். இது வழக்குக்குத் தேவையில்லாத விஷயம் என்றார் எழுத்தர். தேவை என்றேன். அவர் சேர்த்து எழுதியிருக்கிறார்.

மேலே உள்ளவை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே சொன்னவை, படித்துக் காட்டக் கேட்டேன், அனைத்தும் உண்மை. இடம் காவல் நிலையம், நேரம் மாலை ஆறு பத்து. என் கையெழுத்து கீழே உள்ளது. கடைசியில் சேர்த்த வரியை மட்டும் மாஸ்டர் இரண்டு முறை படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்டு, அதன் ஓரத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.