பதினேழாம் ஜாடி

அண்ணி: தம்பி, இந்தக் கொடுக்கு யாரோடது?

கொழுந்தன்: என்ன அண்ணி கேள்வி இது... இறால் கொடுக்கு இறாலோடதுதான்.

அண்ணி: ஆபீஸ்ல அண்ணின்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? மேடம்.

கொழுந்தன்: நீங்க மட்டும் தம்பிங்கறீங்க?

அண்ணி: அது உன் வழுக்கைக்குக் குடுக்கற மரியாதை. பேச்சை மாத்தாதே. ஜாடி நம்பர் பதினேழு. உள்ள ஒரே ஒரு வளை தோண்டுற இறால். ஒரு பக்கம் பெரிய கொடுக்கு, ஒரு பக்கம் சின்னது. இந்தப் பெரிய கொடுக்கு, இந்த உடம்போடயே பொறந்ததா?

கொழுந்தன்: பொறக்கும்போது நான் பக்கத்துல இல்லையே மேடம்.

அண்ணி: ஜாடிக்குள்ள போட்டது நீதானே? லேபிள்ல உன் கையெழுத்து. பதினஞ்சு வருஷமா இந்த அலமாரி பூரா உன் பொறுப்பு.

கொழுந்தன்: இப்ப எதுக்கு இதெல்லாம்? பதினோரு மணிக்கு விழா. ஆராய்ச்சி நிலைய வாசல்ல பேனர் கட்டியாச்சு. பேனர்ல இறால் இத்தனூண்டு, இயக்குநர் அத்தனை பெரிசு. "எங்கள் இயக்குநரின் பெயர் சூடிய புதிய உயிரினம்"னு...

அண்ணி: அதான் கேக்கறேன். இன்னும் கால்மணி நேரத்துல அந்த மனுஷன் வந்து இதைத் தூக்கி கேமரா முன்னாடி ஆட்டுவார். இறால் ஒரு பக்கம் கொடுக்கு ஒரு பக்கம்னு விழுந்துச்சுன்னா?

கொழுந்தன்: விழாது மேடம். நல்லா ஒட்டி...

அண்ணி: என்னது?

கொழுந்தன்: நல்லா ஒட்டிக்கிட்டுதானே இருக்குன்னு சொல்ல வந்தேன்.

அண்ணி: ம்...

கொழுந்தன்: ஒரு சந்தேகம் மேடம். நீங்க கண்ணு பூத்துப்போய் எண்ணின நண்டு, நத்தை எல்லாத்துக்கும் கட்டுரையில முதல் பேர் இயக்குநருது. இந்தக் கட்டுரையில மட்டும் உங்க பேர் தனியா இருக்கு. மனுஷன் திருந்திட்டாரா?

அண்ணி: திருந்தறதாவது! கட்டுரை எழுதறவங்க புது உயிருக்குத் தன் பேரையே வச்சுக்கிட்டா உலகம் கைகொட்டிச் சிரிக்கும். அதனால தன் பேரைத் தானே அடிச்சுட்டு, "நீங்களா ஆசைப்பட்டு என் பேரை வைங்கம்மா"ன்னார்.

கொழுந்தன்: நீங்களா ஆசைப்பட்டீங்களா?

அண்ணி: ஆசைப்படலைன்னா இந்த செக்ஷனுக்குப் பூட்டுன்னார். இந்த வருஷத்துக்குள்ள ஒரு புது இனமாவது காட்டணுமாம். இல்லேன்னா மைக்ராஸ்கோப் எல்லாம் கட்டடப் பிரிவுக்குப் போயிடுமாம்.

கொழுந்தன்: அவங்க அதுல எதைப் பார்ப்பாங்க?

அண்ணி: அவங்க வைக்கிற கம்பியைப் பார்க்க அதுதான் வேணுமாம். சிரிக்காதே. பூட்டு விழுந்தா எனக்கும் வேலை இல்ல, உனக்கும் வேலை இல்ல. பொய்யைக் காட்டினாலும் என் தலைதான் உருளும். கட்டுரையில இருக்கறது என் பேர் மட்டும்தான்.

கொழுந்தன்: மேடம், ஜாடியைக் கொஞ்சம் துடைச்சிடட்டுமா?

அண்ணி: இப்ப சொல்லு. இந்த உடம்பையும் வாலையும் பாரு. சேத்துல கால் வச்சா பத்து வரும், அப்படிப்பட்ட சாதா இறால். கொடுக்குல மட்டும் மூணு பல். இந்த உடம்புல இப்படி ஒரு கொடுக்கு உலகத்துல எங்கயும் இல்ல. அதை வச்சுத்தான் புது இனம்னு குதிச்சோம்.

கொழுந்தன்: உலகத்துல எங்கயும் இல்லைன்னா புதுசுதானே?

அண்ணி: பதினெட்டாம் ஜாடியில இருக்கறது வேற இனம். அதுக்கெல்லாம் கொடுக்குல மூணு பல். அதுல ஒண்ணு பெரிய கொடுக்கு இல்லாமக் கிடக்கு.

கொழுந்தன்: பாவம். சண்டையில போயிருக்கும்.

அண்ணி: ஜாடிக்குள்ளயா? செத்து ரெண்டு வருஷம் கழிச்சா?

கொழுந்தன்: தட்டு கை தவறிடுச்சு அண்ணி.

அண்ணி: அப்படி வா வழிக்கு.

கொழுந்தன்: ஸ்பிரிட்ல ஊறினது தொட்டாலே கழண்டுக்கும், உங்களுக்குத் தெரியாததா? ரெண்டு ஜாடி இறாலும் தரையில. ஒரு பக்கம் உடம்பு, ஒரு பக்கம் கொடுக்கு. அளவு பார்த்து ஜோடி சேர்த்தேன்.

அண்ணி: அளவு பார்த்தா! இது என்ன செருப்புக் கடையா?

கொழுந்தன்: மத்தது எல்லாம் சரியாச் சேர்த்துட்டேன். சத்தியமா.

அண்ணி: எதால ஒட்டினே?

கொழுந்தன்: அண்ணன் மூக்குக்கண்ணாடிக் காம்பை ஒட்டுவாரே... அந்தப் பசை.

அண்ணி: அதை நான்தான் தூக்கிப் போட்டேன்னு ஒரு வாரம் என்னோட பேசாம இருந்தார் உங்க அண்ணன். சரி, தட்டு கை தவறுச்சு. ஒட்டும்போதும் கை தவறுச்சா?

கொழுந்தன்: இல்ல. இதை மட்டும் தெரிஞ்சேதான் மாத்தி ஒட்டினேன். இதோட சொந்தக் கொடுக்கைக் குப்பையில போட்டுட்டேன்.

அண்ணி: ஏன்டா?

கொழுந்தன்: முந்தின நாள் நீங்க சமையல்கட்டுல குழாயைத் திறந்துவிட்டு அழுதீங்க. அண்ணனுக்குக் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு. பூட்டு விஷயம் அன்னைக்குத்தான் ஆபீஸ்ல அடிபட்டுச்சு. அவங்களுக்கு வேண்டியது ஒரு புது இனம்தானே... நான் பார்த்து ஒண்ணு பண்ணிக் குடுத்தா என்னன்னு...

அண்ணி: கடவுள் செய்யற வேலையை நீ பசை டப்பாவை வச்சுக்கிட்டுச் செஞ்சிருக்கே.

கொழுந்தன்: தப்புதான் அண்ணி.

அண்ணி: தப்புதான். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு பல்லைக்கூட நான் தப்பா எண்ணினதில்ல. எனக்கு உன்மேல அப்படி ஒரு கோவம். அதே சமயம் அழுகையும் வந்து தொலைக்குது. எனக்காக இதுவரைக்கும் யாரும் இப்படி ஒரு திருட்டுத்தனம் பண்ணினதில்லடா.

கொழுந்தன்: நானே போய்ச் சொல்லிடறேன். என்னை வீட்டுக்கு அனுப்பட்டும். உங்க பேர் கெடக்கூடாது.

அண்ணி: ஒரு மண்ணும் வேண்டாம். ஜாடியைத் துடை. பூட்ஸ் சத்தம் கேக்குது.

கொழுந்தன்: அதுக்காகப் பொய்யை அச்சடிச்சு...

அண்ணி: நான் ஒரு பொய்யும் அச்சடிக்கல. துடைடா முதல்ல!

இயக்குநர்: என்னம்மா, தயாரா? எங்க என் செல்லம்?

அண்ணி: வாங்க சார். இதோ, மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வச்சிருக்கேன்.

இயக்குநர்: இருங்க, தலையை வாரிக்கறேன். கேமரா வந்தாச்சு.

அண்ணி: கட்டுரை அச்சாகி வந்துடுச்சே, படிச்சீங்களா சார்?

இயக்குநர்: என் பேர்ல எழுத்துப்பிழை இருக்கான்னு மூணு தடவை பார்த்தேன். மத்ததெல்லாம் உங்க வேலை. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன், உங்கமேல அவ்வளவு நம்பிக்கை!

அண்ணி: தெரியும் சார்.

இயக்குநர்: இனிமே இந்தப் பேரை எவனும் மாத்த முடியாதுல்ல? எனக்கப்புறம் வர்றவன் வந்து...

அண்ணி: யாராலயும் முடியாது சார். உலகம் உள்ள வரைக்கும் அது உங்க பேர்லதான் இருக்கும்.

இயக்குநர்: ஆஹா! நிருபருங்க குணத்தைப் பத்திக் கேப்பாங்க. ரெண்டு வரி சொல்லுங்க.

அண்ணி: சொந்தமா வளை தோண்டாது சார். இரை தேடி அலையாது. ஒரு இடத்துல உக்காந்துடுச்சுன்னா அப்புறம் அசையவே அசையாது.

இயக்குநர்: அமைதியான பிறவி! அப்படியே என்னை மாதிரி.

கொழுந்தன்: மேடம், இது வளை தோண்டுற இறாலாச்சே...

அண்ணி: நீ சும்மா இரு.

இயக்குநர்: அவர் என்னமோ சொல்றாரே?

அண்ணி: அவர் இறாலைச் சொல்றார் சார்.

இயக்குநர்: நானும் இறாலைத்தானே பார்க்கறேன்? கொடுக்கு என்ன கம்பீரம்!

அண்ணி: கொடுக்கை விடுங்க சார். மூணு மாசம் முன்னாடியே அதை நல்லாப் பார்த்துட்டேன், இறால் புதுசில்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுக்கு நூறு வருஷமா வேற பேர் இருக்கு.

இயக்குநர்: என்னம்மா சொல்றீங்க? அப்ப என் பேரை எதுக்கும்மா வச்சீங்க?

அண்ணி: கொஞ்சம் மேல, செவுள் பக்கம் பாருங்க சார்... கன்னம் உப்பின மாதிரி இருக்குல்ல? அதுக்குள்ள சொகுசா உக்காந்துக்கிட்டு இறாலோட ரத்தத்தை உறிஞ்சுதே ஒரு ஒட்டுண்ணி... அது உலகத்துல யாருமே பார்க்காத புது இனம் சார், நானா ஆசைப்பட்டுத்தான் அதுக்கு உங்க பேரை வச்சேன்!